படம் நகரவில்லை, மூளை நகர்ந்தது

மருத்துவ வழக்கு என்று வருபவர்கள் முதலில் மேசையில் வைப்பது டிஸ்சார்ஜ் சம்மரியையும் பில்லையும்தான். இந்த வழக்கில் கூடவே ஒரு பென் டிரைவும் வந்தது. அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மருத்துவமனையே கொடுத்தது. அதில் சின்னதாக ஒரு வீடியோ. சாம்பல் நிற மூளை ஒன்று மெல்லச் சுழல்கிறது. இடது பக்கத்தில் பச்சை நிறத்தில் கட்டி. அதை உரசிக்கொண்டு நீல நிறத்தில் நரம்புப் பாதை. மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு கோடு உள்ளே போய்ப் பச்சையைத் தொடுகிறது. பச்சை கரைந்து மறைகிறது. நீலம் துளியும் சிதையாமல் நிற்கிறது.

என் கட்சிக்காரருக்குச் சிதைந்தது அந்த நீலம்தான்.

அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பெயர் வேண்டாம், கம்பெனியில் எல்லோரும் அழைப்பதுபோல மாஸ்டர் என்றே சொல்கிறேன். ஒரு நாள் கட்டிங் டேபிள் அருகிலேயே வலிப்பு வந்து விழுந்தார். ஸ்கேனில் மெதுவாக வளரும் வகைக் கட்டி தெரிந்தது. க்ளையோமா, இரண்டாம் கிரேடு. இருந்த இடம்தான் பொல்லாதது. வலது கையை அசைக்க வைக்கும் பகுதிக்கு நேர் முன்னால். எம்.ஆர்.ஐ. படத்தில் அந்தப் பகுதி தலைகீழாக எழுதிய ஒமேகா எழுத்தைப் போல வளைந்திருக்கும் என்று பின்னாளில் ஒரு பேராசிரியர் எனக்குக் காட்டினார். அந்த வளைவுக்கும் கட்டிக்கும் நடுவே இடைவெளி என்று சொல்ல எதுவுமில்லை.

கட்டியை விட்டுவைத்தால் வளரும். எடுக்கத்தான் வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வழக்கிலும் நாங்கள் அதை மறுக்கவில்லை.

மாஸ்டரும் அவர் மனைவியும் போன மருத்துவமனை மேற்கு மாவட்டங்களில் பெயர் பெற்றது. அங்கே அவருக்கு விர்ச்சுவல் ரியாலிட்டி கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். "ஹெல்மெட் மாதிரி ஒண்ணு மாட்டினாங்க சார். என் மூளைக்குள்ளயே நான் நின்னேன். திரும்பிப் பார்த்தா நரம்பு, குனிஞ்சு பார்த்தா கட்டி. கையை நீட்டினா தொட்டுடலாம் போல இருந்துச்சுங்க." மனைவியும் போட்டுப் பார்த்தார். இதே படம் ஆபரேஷனின்போது மைக்ராஸ்கோப்புக்குள்ளேயே தெரியும், எங்கே போகிறோம் என்பது மில்லிமீட்டர் கணக்கில் தெரியும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்த வாக்கியத்தை இருவரும் தனித்தனியே, ஏறக்குறைய ஒரே சொற்களில் என்னிடம் சொன்னார்கள். மருத்துவரும் தன் பதிலுரையில் அதை மறுக்கவில்லை. நேர்மையான மனிதர்.

அறுவைக்குப் பின் வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் சில வாரங்களில் திரும்பியது. தோளும் முழங்கையும் வந்தன. விரல்கள் வரவில்லை. என் அலுவலகத்தில் நான் கேட்காமலேயே பையிலிருந்து தன் கத்திரிக்கோலை எடுத்தார். கனமானது, கைப்பிடியில் துணி சுற்றியது. கட்டைவிரலை வளையத்துக்குள் இடது கையால் நுழைத்துவிட்டார். பிறகு திறக்கப் பார்த்தார். மணிக்கட்டு திரும்பியது, முன்கை முறுக்கியது, அலகு திறக்கவில்லை. டம்ளர் பிடிக்க முடியும், சட்டை பட்டன் போட முடியாது என்றார் மனைவி. கட்டிங் மாஸ்டருக்கு இடது உள்ளங்கை துணி அடுக்கை அழுத்திப் பிடிக்கும். வலது கை மெஷினைக் கோட்டின் மேல் நடத்தும். அந்த வலது கையை நம்பித்தான் கம்பெனி சம்பளம் கொடுத்தது.

"டாக்டர் மேல கோவம் இல்லீங்க. எங்க தப்பாச்சுன்னு மட்டும் தெரியணும்." அவர் கேட்டது அவ்வளவுதான். அது எவ்வளவு பெரிய கேள்வி என்பது எனக்குச் சில மாதங்கள் கழித்துத்தான் முழுதாகப் புரிந்தது.

முதலில் ஆவணங்கள். மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி நோயாளியோ அவர் சார்பில் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். கேட்டோம். கேஸ் ஷீட், மயக்க மருந்துக் குறிப்பு, நர்ஸ் சார்ட், பயாப்சி எல்லாம் வந்தன. அறுவையின்போது படத்தைக் காட்டி வழிநடத்திய நேவிகேஷன் கருவியில் பதிவானவை மட்டும் வரவில்லை. அவை கருவியின் உள் தரவு, மருத்துவ ஆவணம் ஆகா என்று கடிதம் வந்தது. அறுவையின்போது மருத்துவரின் கண்ணுக்குள் என்ன படம் காட்டப்பட்டது என்பது நோயாளியின் ஆவணம் இல்லையென்றால் வேறு எதுதான் அவருடைய ஆவணம்? புகார் மனுவோடு முதல் நாளே ஓர் இடைக்கால மனுவையும் போட்டேன்: கணினியின் லாக், சேமித்த ஸ்கிரீன் காட்சிகள், மைக்ராஸ்கோப் வீடியோ, மூன்றையும் தாக்கல் செய்ய உத்தரவிட வேண்டும், மின்னணுப் பதிவுகளுக்கான 65பி சான்றோடு.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு நல்ல மாற்றம் உண்டு. எந்த ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்பது இப்போது கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததில்லை, செலுத்திய கட்டணத்தைப் பொறுத்தது. ஆகவே மாவட்ட ஆணையத்திலேயே தொடங்கினோம். இன்னொன்று, அந்தச் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயமே வந்திருக்கிறது. கருவி கோளாறானதாக இருந்தாலோ, சரியான பயன்பாட்டு அறிவுரையும் எச்சரிக்கையும் தரப்படாவிட்டாலோ, தயாரிப்பாளரும் பதில் சொல்ல வேண்டும். கருவியை விற்ற நிறுவனத்தை மூன்றாம் எதிர்தரப்பாகச் சேர்த்தேன். சேர்த்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது: கையேடு அவர்களிடம்தான் இருந்தது.

இடைக்கால மனு நிலுவையில் இருந்த நாட்களில், ஓய்வு பெற்ற நரம்பியல் அறுவைப் பேராசிரியர் ஒருவரிடம் பாடம் கேட்டேன். சென்னையில் படித்தவர். 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் இந்தத் துறையைத் தொடங்கிய கதையை நேரில் பார்த்தவர்போலச் சொல்லுவார். ராமமூர்த்தி, வி. பாலசுப்ரமணியம், டி.எஸ். கனகா ஆகியோர் தலையில் உலோகச் சட்டத்தைப் பொருத்தி, எக்ஸ்ரேயில் அளந்து, மூளைக்குள் ஒரு புள்ளியை அடைந்த காலத்தைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே மாறிவிடும். "அப்பவும் மேப்தான் தம்பி. மேப் இல்லாம மூளைக்குள்ள யாரும் போனதில்ல. மேப் எதை வெச்சுப் போட்டதுன்னு அவங்களுக்கு ஞாபகம் இருந்துச்சு."

இன்றைய மேப் எப்படிப் போடப்படுகிறது என்பதையும் அவரே விளக்கினார். முன்கூட்டி எடுத்த எம்.ஆர்.ஐ.யைக் கணினியில் ஏற்றுவார்கள். நோயாளியின் தலையை மூன்று முனைகள் கொண்ட கவ்வியில் அசையாமல் பூட்டுவார்கள். கவ்வியோடு, பளபளக்கும் சிறு உருண்டைகள் பதித்த ஒரு நட்சத்திரச் சட்டம் நிற்கும். அகச்சிவப்புக் கேமரா அந்த உருண்டைகளை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு மூக்கு, புருவ மேடு, நெற்றி என்று ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டு, படத்தில் உள்ள முகத்தையும் மேசையில் கிடக்கும் முகத்தையும் பொருத்துவார்கள். ரெஜிஸ்ட்ரேஷன் என்பது இதுதான். மைக்ராஸ்கோப்பிலும் அதே உருண்டைகள் இருப்பதால் அது எங்கே பார்க்கிறது என்பது கணினிக்குத் தெரியும். கட்டியின் விளிம்பைக் கோடாக வரைந்து கண்வில்லைக்குள் அனுப்பும். மருத்துவர் நிஜ மூளையைப் பார்க்கிறார், அதன் மேல் பச்சைக் கோடு மிதக்கிறது. இது ஆக்மென்டட் ரியாலிட்டி. மாஸ்டருக்கு முதல் நாள் காட்டிய விர்ச்சுவல் ரியாலிட்டியில் நிஜம் எதுவும் கலக்கவில்லை, முழுக்கப் படம்.

இவ்வளவும் எலும்பை வைத்துச் செய்த பொருத்தம். மூளை தன் இடத்தில் இருக்கும்வரை கணக்கு சரி. டியூரா என்ற உறையைத் திறந்ததும் மூளையைச் சுற்றியிருக்கும் நீர் வழிந்துவிடும். வீக்கம் குறைய மானிடால் ஏற்றியிருந்தால் மூளை சுருங்கும். கட்டியை எடுக்க எடுக்க அந்தக் குழியை நோக்கிச் சுற்றியுள்ள சதை சரியும். பூமி வேறு கீழே இழுக்கும். படம் மட்டும் நேற்றைய எம்.ஆர்.ஐ.யில் எங்கே இருந்ததோ அங்கேயே நிற்கும். மருத்துவர்கள் இதை பிரெயின் ஷிஃப்ட் என்பார்கள்.

இதை நான் மாஸ்டரிடம் படம் வரைந்து சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே கையமர்த்திவிட்டார்.

"இது எங்க தொழில்ல தினமும் இருக்கறதுங்க. நிட்டிங் துணி ரோல்ல இருந்து பிரிச்சதும் இழுவையில இருக்கும். லே போட்டு ரெஸ்ட் விடணும். விடாம மேல மார்க்கர் பேப்பரை வெச்சு வெட்டினா, பேப்பர் கோடு கரெக்டாத்தான் இருக்கும். அடியில துணி சுருங்கிப் போயிருக்கும். கோட்டைக் குத்தம் சொல்ல முடியாதுங்க. துணி நகரும்னு தெரிஞ்ச ஆளு வெட்டணும்."

எழுத்துபூர்வ வாதுரையின் ஏழாவது பத்தியில் இதை அப்படியே வைத்தேன். வேறெந்த உவமையும் தேவைப்படவில்லை.

எதிர்தரப்பு வழக்கறிஞர் கெட்டிக்காரர். கருவியைக் குறை சொல்லப் போகிறோம் என்று எதிர்பார்த்து, அதன் சாதனைகளை ஒரு கட்டாகத் தாக்கல் செய்தார். 2009இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் ஒரு நோயாளியின் கட்டியை விர்ச்சுவல் ரியாலிட்டியில் முதலில் ஒத்திகை பார்த்துவிட்டு, பிறகு நிஜத்தில் அறுவை செய்தது. 2020 ஜூனில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கண்ணாடி போல மாட்டும் கருவியைக் கொண்டு முதுகெலும்பில் திருகாணிகள் பொருத்தியது. 2022இல் ரியோ டி ஜெனிரோவில் தலை ஒட்டிப் பிறந்த இரட்டைக் குழந்தைகளைப் பிரித்தது. அதற்கு முன் லண்டனிலும் ரியோவிலும் இருந்த மருத்துவர்கள் ஒரே விர்ச்சுவல் அறைக்குள் சந்தித்து மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தார்கள்.

அந்தக் கட்டை நான் விரும்பிப் படித்தேன். உண்மையிலேயே பெரிய காரியங்கள். அந்தக் குழந்தைகளின் கதையைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. மனித மூளையும் கையும் எவ்வளவு தூரம் வந்துவிட்டன என்ற நினைப்பு. ஆனால் படிக்கப் படிக்க இன்னொன்றும் தெரிந்தது. ஹாலிஃபாக்ஸிலும் ரியோவிலும் கருவி உதவியது தலையைத் திறப்பதற்கு முன்னால். ஒத்திகைக்கு, திட்டமிடலுக்கு, எந்த ரத்தக் குழாய் யாருக்குச் சொந்தம் என்று பார்ப்பதற்கு. பால்டிமோரில் உதவியது எலும்பில். எலும்பு வழிந்தோடாது. திறந்த பிறகு தளும்பும் மென்சதையில், மணிக்கணக்கில் நடக்கும் அறுவையின் நடுவில், அந்தக் கோட்டை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு அவர்கள் கட்டில் ஒரு தாளும் பதில் சொல்லவில்லை.

பதில் வேறிடத்தில் கிடைத்தது. 1986இல் அமெரிக்காவின் டார்ட்மத்தில் டேவிட் ராபர்ட்ஸ் என்ற அறுவை மருத்துவர், சி.டி. ஸ்கேனில் தெரிந்த கட்டியின் விளிம்பை மைக்ராஸ்கோப்புக்குள் காட்டும் முறையை வெளியிட்டார். தலையில் சட்டம் பூட்ட வேண்டிய தேவை அன்றோடு குறையத் தொடங்கியது. மைக்ராஸ்கோப் எங்கே இருக்கிறது என்பதை அன்று ஒலியலைகளைக் கொண்டு கண்டுபிடித்தார்கள். இன்று நாம் ஆக்மென்டட் ரியாலிட்டி என்று கொண்டாடுவதன் வேர் அந்த அறையில் இருக்கிறது. 12 ஆண்டுகள் கழித்து, 1998இல், அதே ராபர்ட்ஸும் குழுவினரும் 28 அறுவைகளில் மூளையின் மேற்பரப்பு எவ்வளவு நகர்கிறது என்று அளந்தார்கள். சராசரியாக ஒரு சென்டிமீட்டர். பெரும்பங்கு ஈர்ப்பு விசையின் திசையில்.

படத்தை முதலில் கண்வில்லைக்குள் வைத்தவரே, மூளை அந்தப் படத்தை விட்டு எவ்வளவு விலகிப் போகிறது என்பதையும் அளந்து உலகத்துக்குச் சொல்லியிருக்கிறார். அறிவியலில் நேர்மை என்றால் எனக்கு இனி அவர்தான் நினைவுக்கு வருவார். மருத்துவமனையின் விளம்பரச் சிற்றேட்டில் மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருந்தார்கள். ராபர்ட்ஸ் சென்டிமீட்டர் என்றார். மாஸ்டரின் கட்டிக்கும் கை நரம்புக்கும் நடுவில் இருந்த இடைவெளி இந்த இரண்டு அலகுகளுக்கும் நடுவே எங்கோ தொலைந்திருந்தது.

ஆணையம் இடைக்கால மனுவை அனுமதித்தது. அறுவை அரங்கில் சேமித்த எதையும் மறைக்க உரிமை இல்லை என்ற ஒரு வரி உத்தரவு. ஹார்ட் டிஸ்க் வந்த நாளில் மாஸ்டரும் மனைவியும் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர் பார்க்க வேண்டாம் என்று மனைவி நினைத்தார். அவர் நாற்காலியை ஸ்கிரீனுக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். மைக்ராஸ்கோப் வீடியோவில் மூளை லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. மேலே பச்சைக் கோடு. ஆரம்பத்தில் கோடு ஒரு ரத்தக் குழாயின் வளைவோடு ஒட்டிக் கிடந்தது. டியூரா திறந்து கொஞ்ச நேரத்தில் அந்தக் குழாய் கோட்டுக்கு வெளியே வந்திருந்தது. நான் கவனிப்பதற்கு முன் அவர் இடது கை ஆள்காட்டி விரலால் ஸ்கிரீனைத் தொட்டார். "இங்க பாருங்க சார். நழுவிருச்சு." ஆயிரக்கணக்கான முறை கோட்டையும் துணியையும் சேர்த்துப் பார்த்த கண்.

லாக் சொன்னது இதுதான். காலையில் ரெஜிஸ்ட்ரேஷன் பிழை 1.8 மில்லிமீட்டர் என்று கணினி காட்டியது. டியூரா திறந்த பிறகு ஒரு முறைகூடப் பொருத்தம் சரிபார்க்கப்படவில்லை. அல்ட்ராசவுண்ட் வைத்துப் படத்தைத் திருத்தவும் இல்லை. கோடு கடைசிவரை அணைக்கப்படவில்லை. கணினியை இயக்கியவர் மருத்துவமனை ஊழியர் இல்லை. கருவியை விற்ற நிறுவனத்தின் ஆள். அவர் அரங்கில் இருந்தது ஆபரேஷன் குறிப்பில் எங்கும் எழுதப்படவில்லை, மாஸ்டரிடம் யாரும் சொல்லவும் இல்லை.

அந்த 1.8ஐப் பற்றி ஒரு வார்த்தை. முகத்தில் தொட்ட புள்ளிகள் எவ்வளவு நன்றாகப் பொருந்தின என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. உள்ளே கட்டி இருக்கும் இடத்தில் பிழை எவ்வளவு என்பதை அது சொல்லாது. துறையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஸ்கிரீனில் பச்சை எழுத்தில் அந்த எண் ஒளிரும்போது மட்டும் எல்லோருக்கும் மனது நிறைந்துவிடுகிறது.

நுகர்வோர் ஆணையத்தில் பெரும்பாலும் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதில்லை. எழுத்தில் வினாப்பட்டியல் கொடுப்போம், பிரமாண வாக்குமூலமாகப் பதில் வரும். என் பட்டியலில் ஒரு கேள்விதான் முக்கியம்: டியூரா திறந்த பிறகு அந்தக் கோட்டை நம்பி வெட்டினீர்களா? மருத்துவர் எழுதிய பதில்: கோடு இருந்தது, நான் அதை நம்பவில்லை, உடற்கூறு அறிவையும் திசுவின் நிறத்தையும் கைப்பதத்தையும் வைத்தே முடிவெடுத்தேன்.

இந்தப் பதிலை என்னால் பொய் என்று சொல்ல முடியவில்லை. இன்றும் சொல்ல மாட்டேன். வழக்கின் சங்கடமே அங்கேதான். கருவி எதைக் காட்டியது என்பதற்கு நொடிக்கு நொடி சாட்சி இருக்கிறது. மருத்துவர் எதைப் பார்த்தார் என்பதற்கு அவர் மனசாட்சியைத் தவிர சாட்சி இல்லை. அவருக்கே அது முழுதாகத் தெரியாமல் இருக்கலாம் என்பதற்கு ஓர் ஆய்வைத் தாக்கல் செய்தேன். டொரண்டோவைச் சேர்ந்த குழு 2013இல் வெளியிட்டது. இறந்தவர் உடலில், மூக்கு வழி எண்டோஸ்கோப்பியில், ஒரு பகுதி அறுவை மருத்துவர்களுக்குப் படத்தின் மேல் கோடுகளைக் காட்டினார்கள், மற்றவர்களுக்குக் காட்டவில்லை. பார்வைக்குள்ளேயே ஒரு திருகாணியை வைத்திருந்தார்கள். கோடு பார்த்தவர்கள் இலக்கைத் துல்லியமாக அடைந்தார்கள். கண்ணெதிரே கிடந்த திருகாணியை அதிகமாகத் தவறவிட்டவர்களும் அவர்களே. கவனம் என்பது கோடு போட்ட இடத்துக்குப் போய்விடுகிறது. திறமை, அனுபவம், நல்லெண்ணம் எதுவும் அதைத் தடுப்பதாகத் தெரியவில்லை.

நிறுவனத்தின் பதிலுரை எனக்கு மிகவும் பயன்பட்டது. சட்டத்தின் 87ஆம் பிரிவில் அவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு: நிபுணர் மட்டுமே பயன்படுத்த வேண்டிய பொருளாக இருந்து, அந்த நிபுணருக்குத் தயாரிப்பாளர் உரிய எச்சரிக்கை தந்திருந்தால், பொறுப்பு இல்லை. அதைக் காட்ட அவர்கள் கையேட்டையே சான்றாவணமாக வைத்தார்கள். படம் அறுவைக்கு முந்தைய நிலையைக் காட்டுவது, மூளை நகர்வதை அது அறியாது, இடையிடையே சரிபார்க்க வேண்டும், இதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. வாதத்தின்போது அந்தப் பக்கத்தை ஒரு கையிலும், மாஸ்டருக்குக் கொடுத்த பென் டிரைவை மறு கையிலும் எடுத்துக் காட்டினேன். தயாரித்தவர் மருத்துவரை எச்சரித்திருக்கிறார். மருத்துவர் நோயாளிக்குக் கரையும் பச்சையைக் காட்டியிருக்கிறார். எச்சரிக்கை பாதி வழியில் நின்றுவிட்டது.

இங்கேதான் என் வாதத்தின் உயிர். 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் என்றால் என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சிகிச்சையின் தன்மை, நோக்கம், பலன், மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள், மறுத்தால் என்ன ஆகும், இவ்வளவும் நோயாளிக்குப் போதுமான அளவு தெரிய வேண்டும். மாஸ்டர் கையெழுத்திட்ட படிவத்தில் ரத்தப்போக்கு, தொற்று, பக்கவாதம், மரணம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரிசை இருந்தது. எந்த அறுவைக்கும் பொருந்தும் வரிசை. மாற்று வழி என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். ஆனால் மாற்று இருந்தது. நோயாளியை விழித்த நிலையில் வைத்து, விரலை அசைக்கச் சொல்லிக்கொண்டே, மூளையின் மேல் மெல்லிய மின்தூண்டல் கொடுத்துக் கை நரம்பு எங்கே ஓடுகிறது என்று அந்த நிமிடத்தில் கண்டுபிடித்து அறுவை செய்யும் முறை பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. மயக்கத்திலேயே கையின் தசைகளில் சமிக்ஞை வருகிறதா என்று கண்காணிக்கும் முறையும் இருக்கிறது. இவை நகர்ந்த மூளையிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழிகள். அவற்றில் ஒன்றையும் மாஸ்டரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. தன் மூளைக்குள் நின்று, நீலமும் பச்சையும் தனித்தனியாக இருப்பதைக் கண்ணால் கண்ட மனிதருக்குக் கேட்பதற்கு என்ன இருக்கும்?

"பேப்பர்ல கையெழுத்துப் போடும்போது பயமா இருந்துச்சா?" என்று ஒருமுறை கேட்டேன். "இல்லீங்க. முந்துன நாள்தான் எல்லாம் பார்த்துட்டனே" என்றார். அவர் நிரூபண வாக்குமூலத்தில் அதிகம் கனத்தது இந்த வாக்கியம்.

ஆணையம் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் நரம்பியல் அறுவைத் துறையிடம் கருத்துக் கேட்டது. வந்த அறிக்கை எங்களுக்குப் பாதி சாதகம், பாதி பாதகம். கட்டி நரம்புப் பாதைக்குள் ஊடுருவியிருந்ததால் எந்த முறையில் செய்திருந்தாலும் கை பலவீனம் வந்திருக்கலாம். விழித்த நிலை அறுவை செய்வதா இல்லையா என்பதில் மருத்துவர்களிடையே இரு கருத்து உண்டு. இடையில் சரிபார்க்காதது நல்ல நடைமுறை ஆகாது. ஆனால் பலவீனத்துக்கு அதுதான் காரணம் என்று உறுதியாகக் கூற இயலாது. ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு 2005லிருந்து நிற்கிறது. பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு பிரிவினர் ஏற்கும் முறையை ஒருவர் பின்பற்றியிருந்தால், விளைவு மோசமானதற்காக மட்டும் அவரைக் கவனக்குறைவாளர் என்று சொல்ல முடியாது. கையில் கத்தி பிடித்த ஒருவர் ஒவ்வொரு நிமிடமும் வழக்கறிஞரை நினைத்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் அறுவை நடக்கும்? அந்தச் சட்டம் சரி என்றே நினைக்கிறேன், எனக்கு எதிராக வேலை செய்த அன்றும்.

ஆணை வந்தது. அறுவையில் கவனக்குறைவு நிரூபணமாகவில்லை. மாற்று வழிகளையும் கருவியின் எல்லையையும் சொல்லாமல் பெற்ற ஒப்புதல் போதுமான ஒப்புதல் ஆகாது. அது சேவைக் குறைபாடு. நேவிகேஷன் பதிவுகளைத் தர மறுத்தது தனிக் குறைபாடு. வெளியாள் அரங்கில் இருந்ததைப் பதியாததும் குறைபாடு. நிறுவனத்தின் மேல் புகார் தள்ளுபடி. கேட்ட தொகையில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக இழப்பீடு.

தொகை குறித்து எனக்கு வருத்தம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஒப்புதல் குறைபாட்டுக்கு விலை போடும்போது நம் ஆணையங்கள் கையைச் சுருக்கிவிடுகின்றன. கை போனதற்கு அந்தக் குறைபாடு காரணமில்லையே என்ற கணக்கு. விழித்த நிலை அறுவை வேண்டும் என்று கேட்கும் வாய்ப்பை, வேறு மருத்துவரைப் பார்க்கும் வாய்ப்பை, ஆறு மாதம் தள்ளிப்போட்டு மகளின் கல்யாணத்தை முடித்துவிட்டு வரும் வாய்ப்பை ஒருவரிடமிருந்து எடுத்துவிட்டால், அது அவர் விரலைப் போலவே அவருக்குச் சொந்தமான ஒன்றை எடுப்பதுதான். மேல்முறையீட்டுக் குறிப்பில் இதை எழுதியிருந்தேன். மருத்துவமனை விதித்த தொகையில் பாதியைக் கட்டி மாநில ஆணையத்துக்குப் போனது, நாங்களும் போனோம். விசாரணைக்கு வருமுன் அவர்களே பேச வந்தார்கள். தொகையை உயர்த்தி முடித்துக்கொண்டோம். மாஸ்டருக்குச் சண்டையை நீட்டிக்கும் ஆசை இல்லை. கம்பெனி அவரை கேட் (CAD) செக்ஷனில் போட்டிருந்தது. கம்ப்யூட்டரில் மார்க்கர் போடும் பையன்களுக்கு எங்கே துணி சுருங்கும் என்று சொல்லிக்கொடுக்கும் வேலை.

பிறகு வேறோர் ஊரிலிருந்து ஒரு மருத்துவமனை, இதே வகைக் கருவி வாங்கியிருப்பதாகச் சொல்லி, தமிழில் ஒப்புதல் படிவம் எழுதித் தரக் கேட்டது. சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். கண்ணாடி மாட்டிக் காட்டுவதை நிறுத்த வேண்டாம் என்றே சொன்னேன். தன் நோய் எங்கே இருக்கிறது என்று ஒரு மனிதர் கண்ணால் பார்ப்பது நல்லது. ஆங்கில வார்த்தைகளை விட ஆயிரம் மடங்கு நல்லது. அதே அமர்வில், அதே படத்தை வைத்து, திறந்த பிறகு மூளை எப்படிச் சரியும் என்பதையும் காட்டுங்கள் என்றேன். அனிமேஷன் செய்பவர்களுக்கு அது பெரிய வேலையில்லை. படிவத்தில், நீங்கள் பார்த்த படம் அறுவைக்கு முன் எடுத்தது, திறந்த பிறகு மூளை அதிலிருந்து நகரும் என்று எழுதினேன். விழித்த நிலை அறுவைக்கும் நரம்புக் கண்காணிப்புக்கும் தனித்தனிக் கட்டம், வேண்டாம் என்றால் ஏன் என்று மருத்துவர் கைப்பட எழுத இடம், அரங்கில் இருக்கும் வெளியாளின் பெயர், பதிவுகளின் நகல் கேட்கும் உரிமை.

வரைவை மாஸ்டருக்குப் போனில் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நகரும்னு சும்மா போட்டா யாரும் கண்டுக்க மாட்டாங்க சார். எவ்வளவு நகரும்னு அளவு போடுங்க" என்றார்.

ஒரு சென்டிமீட்டர் அளவுக்கும் நகரக்கூடும் என்று சேர்த்தேன்.